முதல் கட்டத்தில் எந்த ஊர்

பல்கலைக்கழகத்துக்கு மனுப்போடும் படிவத்தில் எட்டுக் கட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பல்கலைக்கழகம், அதில் ஒரு துறை. எது அதிகம் வேண்டுமோ அது முதலில். கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டாலும் அழ மாட்டோம் என்பது கடைசியில். பெயர்களை எழுதக் கூடாது. துறைக்கு உரிய எண்ணைப் புத்தகத்தில் தேடி, அந்த எண்ணுக்கான சின்ன முட்டை வட்டங்களை டூ-பி பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். கோலாலம்பூரில் ஏதோ ஓர் இயந்திரம் அந்தக் கறுப்பை மட்டும் பார்க்கும் என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. என்னைப் பார்க்காமல் என்னைப் பற்றி முடிவெடுக்கும் ஒன்றின் முன்னால் நான் முதன்முறையாகக் கூச்சமில்லாமல் நின்றேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஈப்போவில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பான ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு புந்தோங்கில். கச்சாங் பூத்தே கடலை வறுக்கும் வாடை சட்டைக் காலர் வரை ஏறியிருக்கும் தெரு. அம்மா அந்தத் தெருவிலேயே ஒரு வீட்டில் முறுக்குப் பிழிந்து, கடலைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். அப்பா மலையிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றும் லோரி ஓட்டினார். அதற்கு முன்னால் நாங்கள் சுங்காய்க்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா அங்கேயும் லோரிதான், தோட்டத்து லோரி. அம்மா பால் வடிய மரப்பட்டை வெட்டினார்.

அந்தத் தோட்டத்து வாசலில் ஒரு பலகை இருந்தது. நான் முதலாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆங்கிலம் அந்தப் பலகையில் இருந்த கம்பெனிப் பெயர்தான். கற்று முடித்த மறு வருடம் பலகையை வெள்ளையடித்து வேறு பெயர் எழுதினார்கள். அதையும் கற்றுக்கொண்டேன். நான்காம் வகுப்பில் மூன்றாவது பெயர் வந்தது. மரம் அதே மரம், விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிடும் மணி அதே மணி, துரை மட்டும் வேறு.

"யாருப்பா வித்தது?"

"கம்பெனி."

"யாரு வாங்குனது?"

"இன்னொரு கம்பெனி."

"கம்பெனின்னா யாருப்பா?"

அப்பா லோரியின் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்விக்கு எங்கள் லயத்து வீட்டு வரிசையில் யாரிடமும் பதில் இல்லை. வேலை வாங்கும் மண்டோருக்குத் தெரியவில்லை. ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிக்குத் தெரிந்திருக்கலாம் என்று நினைத்தோம், அவருக்கும் தெரியவில்லை. மூன்றாவது கம்பெனி ரப்பரைச் சாய்த்துச் செம்பனை போட முடிவு செய்தது. அறுபது குடும்பங்கள் வெளியேறின. யாரோ ஒருவர், குளுகுளு அறையில், நல்ல பேனாவால், ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எங்கள் காலுக்குக் கீழே மண் நகர்ந்துவிட்டது. அவர் எங்களை வெறுத்துக்கூட இருக்க மாட்டார், எங்களைத் தெரிந்தே இருக்காது. அந்த அறை எப்படி இருக்கும் என்று யோசித்தபடியே நான் பெரியவளானேன். சிலர் கடலைப் பார்க்க ஆசைப்படுவதுபோல எனக்கு அந்த அறையைப் பார்க்க ஆசை.

ஆறாம் படிவத்துப் பொருளியல் பாடத்தில் அந்த அறைக்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. நிதிச் சந்தை. பங்கு, கடன் பத்திரம், வட்டி வீதம். மற்றவர்கள் மனப்பாடம் செய்துகொண்டிருந்த பக்கங்களை நான் ஒரு வீட்டின் வரைபடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். கதவு எங்கே, சன்னல் எங்கே?

வீட்டில் சொன்னேன். "நான் ஃபைனான்ஸ் படிக்கப் போறேன்."

அம்மாவின் கை முறுக்கு உரலிலேயே நின்றது. "ஃபைனான்ஸா? மோட்டார் சைக்கிள் தவணை கட்டலன்னா வந்து இழுத்துட்டுப் போவானுங்களே, அவனுங்களா? பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி அந்த வேலை?"

விளக்கினேன். அம்மாவுக்கு ஓரளவுக்குப் புரிந்தது. "சரி, பாங்குல வேலை. அப்படிச் சொல்லுலா" என்றார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மட்டும் ஏமாற்றம். "டாக்டர் இல்லியா? லாயர்? சரி விடு, வாத்தியாராவது ஆகக் கூடாதா, லீவு நிறைய இருக்கும்."

அப்பா துறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "எங்க தங்குவ?"

அன்று மாலை மேசையில் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு அப்பா ஊர்களை எண்ணினார். பினாங்கு: குளுகோரில் சித்தப்பா வீடு, அங்கிருந்து பல்கலைக்கழகம் நடக்கிற தூரம். செர்டாங்: யாருமில்லை. பாங்கி: யாருமில்லை. கோலாலம்பூர்: அப்பா அதைத் தாண்டி அடுத்ததுக்குப் போய்விட்டார்.

"பாரிட் புந்தார்ல ஒண்ணு கட்டுனா என்ன?" என்றார் அம்மா. "என் தங்கச்சி வூடு இருக்கு. வயக்காத்து. புள்ளைக்கு நல்ல மீனு கிடைக்கும்."

"நீ மந்திரிக்கு எழுது" என்றார் அப்பா.

தோட்டத்து ஜனங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊருக்குப் போவதென்றாலும், அங்கே என்ன இருக்கிறது என்று முதலில் கேட்க மாட்டார்கள். யார் இருக்கிறார்கள் என்றுதான் கேட்பார்கள். ஆள் இருந்தால்தான் அது ஊர், இல்லாவிட்டால் வெறும் இடம். ஆஸ்பத்திரிக்குப் போவதும் வேலை தேடுவதும் அப்படித்தான். நானும் அந்தப் பழக்கத்தில் ஊறியவள்தான். முதல் நான்கு கட்டத்திலும் பினாங்கைப் போட்டேன். புவியியல், தொடர்புத்துறை, வீடமைப்புத் திட்டமிடல், நான்காவதாக வரலாறு. ஐந்தாவதில்தான் தலைநகரும் பொருளியலும். அப்பா கையெழுத்துப் போட்டார். ஆசையை ஐந்தாம் இடத்தில் வைத்துவிட்டு, அன்று நிம்மதியாகத் தூங்கிவிட்டேன் என்பதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் பள்ளியில் என் தோழி படிவத்தைப் பார்த்தாள். தெலுக் இந்தான்காரி. ஈப்போவில் தேவாலயம் நடத்திய பெண்கள் விடுதியில் தங்கிப் படித்தாள். வாய் கொஞ்சம் நீளம்.

"என்னாடி இது? ஃபைனான்ஸ் ஃபைனான்ஸ்னு என் காதைத் தின்ன. இங்க வரலாறு ஃபைனான்ஸுக்கு மேல உக்காந்திருக்கு."

"குளுகோர்ல சித்தப்பா இருக்காரு."

அவள் படிவத்தை மேசையில் வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். "நீ யூனிவர்சிட்டி பார்க்கிறியா, சம்பந்தம் பார்க்கிறியா?"

சிரித்தேன். சிரித்து முடித்ததும் புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் புரட்டினேன். பினாங்கில் பொருளியல் இல்லாமல் இல்லை, சமூக அறிவியலுக்குள் ஒரு பிரிவாக இருந்தது. நிதியைத் தனியாக, ஆழமாகப் படிக்கத் தலைநகருக்குத்தான் போக வேண்டும் என்று புத்தகத்திலேயே இருந்தது. அடுத்த சண்டை பொருளியலா கணக்கியலா என்பது. கணக்கியல் படித்தால் வேலை நிச்சயம் என்றாள் தோழி. "எகனாமிக்ஸ் படிச்சா நாடு ஏன் ஏழையா இருக்குன்னு தெரியும். கூடவே நீயும் ஏழையா இருப்ப." அடுத்தவர் செய்து முடித்ததைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வேண்டாம், செய்வதற்கு முன்னால் பேசுகிறார்களே, அங்கே இருக்க வேண்டும் என்றேன். "அப்படி ஒரு டிக்கிரி இருக்கா? வா, கேட்டுட்டு வருவோம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

பழைய நகரில் ஒரு வங்கி. பள்ளிச் சீருடையிலேயே உள்ளே போனோம். குளிர் முகத்தில் அறைந்தது. இரண்டு பேரிடமும் சேமிப்புப் புத்தகம்கூடக் கிடையாது. ஓரத்து மேசையில் ஒரு தமிழ் அதிகாரி, முப்பது வயது இருக்கும், மீசையைச் சிரத்தையாக வெட்டியிருந்தார். கணக்குத் திறக்கவா என்று கேட்டார்.

"இல்லண்ணே" என்றாள் தோழி. "நீங்க என்ன படிச்சிட்டு இங்க வந்தீங்கன்னு கேக்க வந்தோம்."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "நானா? புவியியல்."

தோழி என் விலாவில் இடித்தாள்.

"மேனேஜர்?" என்றேன்.

"அவரு ஐந்தாம் படிவம். கிளார்க்கா வந்து ஏறுனவரு. தங்கச்சி, பாங்குக்கு வர்றதுக்கு எதைப் படிச்சா என்னலா? அப்புறம் அவங்களே சொல்லிக் குடுப்பாங்க."

தோட்டங்களை விற்பது வாங்குவதெல்லாம் இங்கேதான் நடக்குமா என்று கேட்டேன். அவர் உண்மையாகவே வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைச் சீனப் பெண் நிமிர்ந்து பார்த்தார்.

"இங்கயா? இங்க நாங்க செக்குல கையெழுத்து சரியா இருக்கான்னு பார்க்கிறோம். தோட்டமெல்லாம் கோலாலம்பூர்ல. சிலது லண்டன்ல. எங்க கைக்குப் பேப்பர் வர்றப்ப எல்லாம் முடிஞ்சு போயிருக்கும்."

வெளியே வெயில். கிந்தா ஆற்றுப் பாலத்தில் நின்று ஐஸ் தண்ணீர் குடித்தோம். புவியியல் படித்தவரே வங்கியில் இருக்கும்போது எதைப் போட்டால் என்ன என்றாள் தோழி, இப்போது எதிர்க்கட்சிக்குத் தாவி. எனக்கு அவர் சொன்னதில் வேறொன்று பிடிபட்டது. துறையைவிட ஊர் முக்கியம். நான் தேடும் அறை எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரில் போய் நிற்க வேண்டும். அப்பாவும் ஊரைத்தான் முதலில் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே மாதிரி யோசித்து வேறு வேறு ஊரில் வந்து நின்றிருந்தோம்.

"தங்குறதுக்கு?" என்றேன்.

"புக்கைப் படிச்சியா இல்லியா நீ? கடைசிப் பக்கம். வெளியூர்ப் புள்ளைங்களுக்கு முதல் வருஷம் ஹாஸ்டல் அவங்களே குடுக்கிறாங்க."

நூற்றைம்பது பக்கப் புத்தகம். துறை எண்கள் இருக்கும் பக்கங்கள் மனப்பாடம். கடைசிப் பக்கத்தை நானோ அப்பாவோ திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் நமக்கு இடம் தருவார்கள் என்பது எங்கள் கணக்கிலேயே இல்லை. விடுதிக்காரிக்கு அது முதலில் கண்ணில் பட்டது.

சாயங்காலம் அப்பா குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்தேன்.

"ஹாஸ்டல் குடுக்கிறாங்கப்பா. கோலாலம்பூரா இருந்தாலும் பிரச்சினை இல்ல."

"யாரு குடுக்கிறா?"

"யூனிவர்சிட்டி."

"யூனிவர்சிட்டின்னா யாரு?"

தோட்டத்தில் நான் அவரிடம் கேட்ட அதே கேள்வி.

அப்பா ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். கோபமே இல்லாத குரலில் சொன்னார். "கம்பெனியும்தான் வீடு குடுத்துச்சு. நான் பொறந்த வீடு. நீ பொறந்த வீடு. குடுத்தவன் ஒரு நாள் வந்து காலி பண்ணுன்னான். அப்ப நாம எங்க போய் நின்னோம்? இந்தப் புந்தோங்குல உன் அத்தை வீட்டு வாசல்ல. ஆள் இருந்தா நின்னோம். ஆள் இல்லாத ஊர்ல ஒரு பொட்டப் புள்ள யாரு வாசல்ல போய் நிக்கும்?"

அறியாமல் சொல்கிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் அறிந்துதான் சொன்னார்.

அம்மாதான் குறுக்கே வந்தார். "கோலாலம்பூர்ல ஆள் இல்லாமயா? லயத்து ஆறாவது வூட்டுக்காரங்க பக்கத்துல பெட்டாலிங் ஜெயாவுலதானே இருக்காங்க."

அப்பா இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டார்.

ஆறாவது வீட்டுக்காரரும் அப்பாவும் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டு வளர்ந்தவர்கள். ரத்த உறவு கிடையாது, ஒரே லயம், அது போதும். தோட்டத்தைக் காலி செய்யச் சொன்னபோது அப்பா தொழிற்சங்கக் குழுவில் இருந்தார். யாரும் தனியாகப் போய்க் கையெழுத்துப் போடக் கூடாது, எல்லாரும் சேர்ந்து நின்றால் கம்பெனி இழப்பீட்டுத் தொகையைக் கூட்டும் என்று வீடு வீடாகச் சொன்னார். முதலில் போய்ப் போட்டவர் ஆறாவது வீட்டுக்காரர். மறுநாள் பெரட்டில் எல்லார் முன்னாலும் அப்பா அவரைப் பேசிய பேச்சு இன்றும் எனக்குக் கேட்கிறது. சோற்றில் உப்புப் போட்டுத் தின்பவன் செய்கிற வேலையா என்று கேட்டார். அவர் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனதும் தோட்டத்து லோரியில்தான். ஓட்டியது அப்பா. சுங்காய் பஸ் நிலையம் வரைக்கும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். நாங்கள் நான்கு மாதம் நின்றோம். கடைசியில் எல்லாருக்கும் கிடைத்தது அவருக்குக் கிடைத்த அதே தொகை.

இதெல்லாம் நடந்து எட்டு வருடம். அன்று சாயங்காலம் சாப்பாட்டின்போது நான் செய்த முட்டாள்தனத்துக்கு என் புதுப் படிப்புதான் காரணம்.

"அவரு கணக்குப் போட்டுப் பார்த்திருக்காருப்பா" என்றேன். "இதுக்கு மேல தர மாட்டாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. முதல்ல போனாலும் கடைசில போனாலும் ஒரே காசு. நாலு மாசம் நமக்குத்தான் நட்டம்."

அப்பா கையைத் தட்டிலேயே கழுவினார். சோறு பாதி இருந்தது.

"படிச்சிட்ட" என்றார். எழுந்து வெளியே போனார்.

அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு ஓர் அடியே வாங்கியிருக்கலாம். மூன்று நாள் அப்பா என்னோடு பேசவில்லை. படிவம் அலமாரியின் மேல் கிடந்தது, பினாங்கு பினாங்கு பினாங்கு பினாங்கு என்று. அஞ்சலில் சேர்க்க இன்னும் ஒரு வாரம்தான். நான் அழித்து எழுதியிருக்கலாம். பென்சில்தானே, அப்பாவுக்கு அந்த எண்கள் தெரியாது. ஒரு நாள் அழிப்பானைக் கையில் எடுத்தேன். அப்பாவின் கையெழுத்து கீழே இருந்தது, பேனாவில், நாற்காலியில் நேராக உட்கார்ந்து போட்ட கையெழுத்து. அது இருக்கும் தாளில் எனக்குக் கை வரவில்லை. ஆட்களுக்குத் தெரியாமல் அவர்கள் வாழ்க்கையைத் தாளில் மாற்றுவது எப்படி என்று கற்கத்தானா நான் போகிறேன் என்றும் தோன்றியது. பதினெட்டு வயதில் இவ்வளவு தெளிவாகத் தோன்றியிருக்குமா? இப்போது சேர்த்துக்கொள்கிறேனோ என்னவோ. அழிப்பானைத் திரும்ப வைத்தது மட்டும் நிச்சயம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு நின்றார். "கிளம்பு. அந்த யூனிவர்சிட்டிப் பாரத்தையும் எடுத்துக்க."

ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு அப்போது பழைய சாலைதான், நாலு மணி நேரம். சுங்காயைத் தாண்டும்போது அப்பா சன்னல் பக்கம் திரும்பவில்லை, நான் திரும்பினேன். ரப்பர் நின்ற மேட்டில் செம்பனை, குட்டையாக, வரிசையாக, யாரோ சீப்பால் வாரியதுபோல. லயங்கள் இருந்த இடம் எதுவென்று கண்டுபிடிக்குமுன் பஸ் கடந்துவிட்டது.

பெட்டாலிங் ஜெயாவின் பழைய பகுதியில், அடுக்குமாடியின் மூன்றாவது மாடி. கதவைத் திறந்த ஆறாவது வீட்டு அத்தை, "அண்ணே!" என்று கத்தினார். பிறகு தன் குரலுக்குத் தானே பயந்து உள்ளே பார்த்தார். கைலியோடு மாமா வந்தார். இருவரும் நின்றார்கள்.

"வயிறு போட்டிருச்சே மச்சான்" என்றார் அப்பா.

"டவுன் சோறு. உனக்கு முடி எங்க?"

"சுண்ணாம்புல போச்சு."

உட்கார்ந்தோம். மாமா பிஸ்கட் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்தார். உடைந்த பிஸ்கட்டுகள் ஒரு பெரிய தகர டின் நிறைய வந்தன, கூடவே மைலோ. என்ன விஷயமாக இவ்வளவு தூரம் என்று மாமா கேட்டார்.

"லோரிக்கு ஒரு சாமான் வாங்கணும். இங்கதான் கிடைக்கும்னாங்க."

"ஞாயித்துக்கிழமையா? கடையெல்லாம் சாத்தியிருக்குமே?"

"ஆமாவா" என்றார் அப்பா. "சாத்தியிருப்பான்ல."

பிறகு மழையைப் பற்றிப் பேசினார்கள். செத்துப்போன மண்டோரைப் பற்றி, மீன் விலையைப் பற்றி. ஒரு மணி நேரம் ஓடியது. அப்பா இரண்டு முறை எழப் பார்த்தார், இரண்டு முறையும் அத்தை உட்காரவைத்தார். கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பப் போகிறோம் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

மாமா என் பக்கம் திரும்பினார். "பெரிய புள்ளையாயிட்ட. என்னாம்மா படிக்கப் போற?"

சொன்னேன். வார்த்தைகள் வேகமாக வந்தன. நிலம், பங்கு, யார் விற்கிறார்கள், யார் வாங்குகிறார்கள், விலை எப்படி முடிவாகிறது என்று. அந்த வேகத்திலேயே கேட்டும் விட்டேன். "நீங்க முதல்ல போய்க் கையெழுத்துப் போட்டீங்களே மாமா, இதுக்கு மேல தர மாட்டாங்கன்னு எப்படித் தெரிஞ்சுச்சு?"

அத்தையின் கையில் டின் மூடி இருந்தது. அதை அவர் மூடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

மாமா என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்க்கவில்லை. "எனக்கு என்னாம்மா தெரியும்? நான் என்ன கணக்கா போட்டேன்? பயந்துட்டேன்லா. எங்க சின்னவளுக்கு அப்ப மூச்சு இழுப்பு. தண்ணியை நிறுத்தப் போறாங்க, லைட்டை நிறுத்தப் போறாங்கன்னு கிராணி சொன்னாரு. அவ மூச்சைக் கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன். விடிஞ்சுச்சு, போய்ப் போட்டுட்டேன். எவ்வளவு தராங்கன்னுகூடக் கேக்கல."

என் பாடப் புத்தகத்தில் மனிதர்கள் எப்போதும் ஆதாயத்தை எடைபோட்டுப் பார்த்து முடிவெடுத்தார்கள். அந்தப் பக்கங்கள் எல்லாம் எனக்குள் ஒரு முறை புரண்டு படுத்தன. பின்னாளில் சந்தைகள் சரிவதைப் பக்கத்திலிருந்து பார்த்தபோதெல்லாம் அந்த மூன்றாவது மாடிதான் ஞாபகம் வரும். கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுபவர்கள் யாரும் கணக்குப் போடுவதில்லை. எங்கோ ஒரு பிள்ளையின் மூச்சைக் கேட்டிருப்பார்கள்.

"லோரில சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அப்பா. "அவ்வளவு தூரம் பக்கத்துலயே உக்காந்து வந்தியே."

"நீ கேட்டியா?"

அப்பா டின்னைத் தன் பக்கம் இழுத்தார். உடைந்த பிஸ்கட் ஒன்றை எடுத்தார், கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு சொன்னார், தரையைப் பார்த்து, ஒரே மூச்சில். "இவ இங்க படிக்க வாரா மச்சான். ஹாஸ்டல் குடுப்பாங்களாம். குடுக்கட்டும். ஆனா ஒரு நாள் வெளிய போன்னு சொல்லிட்டானுங்கன்னா, இவ வந்து நிக்க ஒரு வாசல் வேணும்."

மாமா வாயைத் துடைத்துக்கொண்டார். "இதுக்குத்தான் லோரி சாமான் வாங்க வந்தியாக்கும்."

அத்தை அழுதுகொண்டே சிரித்தார். அப்பாவைத் திட்டவும் செய்தார்.

மூன்று மணி பஸ்ஸில் திரும்பினோம். அப்பா சன்னல் இருக்கையை எனக்கு விட்டார். ரவாங் தாண்டியதும், "எடு அந்தப் பாரத்தை" என்றார்.

"வீட்டுல போய் எழுதுறேன்பா. பஸ் ஆடுது."

"இப்பவே மாத்து. வீட்டுக்குப் போனா எனக்கு மனசு மாறிடும்."

பையை மடியில் படுக்க வைத்து, அதன் மேல் பொருளியல் புத்தகம், அதன் மேல் படிவம். பினாங்கை நான்கு முறை அழித்தேன். தூள் அப்பாவின் கால்சட்டை மேல் விழுந்தது, அவர் தட்டவில்லை. முதலில் தலைநகரில் பொருளியல், இரண்டாவதாக அதே ஊரில் கணக்கியல், மற்றதெல்லாம் அதற்குக் கீழே. முதல் கட்டமே கிடைத்தது. படித்து வெளியே வந்த வருடம் நாடே வேலையில்லாமல் கிடந்தது. தோழி சொன்னது பலித்துவிட்டதே என்று, ஒரு வருடத்துக்கும் மேல் அம்மாவோடு உட்கார்ந்து கடலைப் பொட்டலம் கட்டினேன். எண்பதுகள் முடியும்போதுதான் அந்த அறைக்குள் போனேன். நீள மேசை, தேநீர், களைத்த ஆட்கள். ஒரு தோட்டத்தின் விற்பனைக் கோப்பு என் கைக்கு வந்தது. மரங்களுக்கு ஒரு மதிப்பு, தொழிற்கூடத்துக்கு ஒரு மதிப்பு, சாலைக்கு ஒரு மதிப்பு. தொழிலாளர் குடியிருப்பு என்ற வரிக்கு எதிரே ஒரு சின்னக் கோடு. கேட்டேன். அதற்கு மதிப்பு கிடையாது, இடிக்கப் போவதுதானே என்றார்கள், மரியாதையாகவே. அங்கே வாழ்கிறவர்களுக்கு வீடு கட்டித்தரும் செலவையும் சேர்த்தால்தானே சரியான விலை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இணைப்பாக வைத்தார்கள். எத்தனை பேர் கடைசிப் பக்கம் வரை புரட்டினார்கள் என்று தெரியாது.

அதெல்லாம் பிறகு. அன்று பஸ் தஞ்சோங் மாலிமை நெருங்கிக்கொண்டிருந்தது. முட்டை வட்டத்துக்கு வெளியே கறுப்புப் போனால் இயந்திரம் ஏற்காது என்று பயம். முதல் இலக்கத்திலேயே பஸ் குலுங்கிப் பென்சில் ஒரு வாலை இழுத்தது. அழித்தேன். மறுபடி வால்.

"இரு" என்றார் அப்பா. இரண்டு உள்ளங்கைகளாலும் தாளின் ஓரங்களை அழுத்திப் பிடித்தார். நகங்களில் சுண்ணாம்பு வெள்ளை. கழுத்தை நீட்டி, முன்னால் இருந்த தலைகளுக்கு மேலாகச் சாலையைப் பார்த்தார். எந்த வளைவு எங்கே வரும் என்று ஓட்டுநரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இடது வளைவு வருது. பென்சிலைத் தூக்கு." தூக்கினேன். பஸ் சாய்ந்து நிமிர்ந்தது. "ம். இப்ப போடு." போட்டேன். "பாலம். தூக்கு."

எதிர்ப்பக்க இருக்கையில் இருந்த சீனக் கிழவர் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்பா அவரைக் கவனிக்கவில்லை. முதல் கட்டத்தில் நான்கு இலக்கங்கள் முடிந்தன, ஐந்தாவது பாக்கி.

"இனிமே ரெண்டு கல்லுக்கு நேர் ரோடு" என்றார். "அவசரமில்ல. எழுது."